சுழியோடியின் மூச்சும் இரைப்பு நோயும்

தூத்துக்குடிக் கடலுக்குப் பழங்காலந்தொட்டுப் பெயர் வாங்கித் தந்தவர்கள் இரு சாரார். ஒரு சாரார் கலம் செலுத்தியவர்கள். மறு சாரார் மூச்சை அடக்கியவர்கள். கொற்கைத் துறை செழித்திருந்த நாளிலேயே இக்கடலின் முத்து யவன நாடு வரை சென்றது. அம்முத்தை எடுத்தவரிடம் பொறி எதுவும் இல்லை. இறங்குவதற்கு ஒரு கல், சிப்பியை இடுவதற்கு ஒரு வலைப்பை, படகில் கயிறு பிடிக்க நம்பிக்கையான ஓர் ஆள், இவ்வளவே அவருடைய முதலீடு. கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள் என்று இக்கரையில் ஒரு பேச்சு உண்டு. உடன்பிறந்தாள் தாலிக்கு அவனைவிட நல்ல காவல் யார்?

1955 முதல் 1961 வரை நடைபெற்ற முத்துக் குளிப்புக்குப் பிறகு நம் கரையில் அத்தொழில் நடைபெறவில்லை. 1973-ல் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிறுவனத்தார் தூத்துக்குடிப் பகுதியில் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினர். சங்கு குளிப்பு மட்டும் தொடர்ந்து வருகிறது. ஆயினும் பழைய முத்துக் குளிகாரரை இங்கே நான் அழைப்பது முத்தின் பொருட்டன்று, மூச்சின் பொருட்டு. நம் சங்கங்களின் உறுப்பினர் குடும்பங்கள் பலவற்றை இரைப்பு நோய், அதாவது ஆஸ்துமா, வாட்டி வருகிறது. மருந்து இல்லாமையால் துன்பப்படுவோரைவிட, கையில் உள்ள மருந்து என்ன செய்கிறது என்பது விளங்காமையால் துன்பப்படுவோரையே நான் மிகுதியாகக் காண்கிறேன். மூச்சின் வரவுசெலவை விளக்கிச் சொல்லச் சுழியோடியைப் போன்ற ஆசிரியர் வேறொருவர் கிடையார்.

பார் என்று சொல்லப்படும் கடலடித் தளம் பெரும்பாலும் ஐந்து முதல் பத்துப் பாகம் வரை ஆழத்தில் உள்ளது. பாகம் ஒன்றுக்கு ஆறடி. சுழியோடி நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, கல்லின் கனத்தால் இறங்கி, ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குள் கைக்கு எட்டிய சிப்பிகளைப் பொறுக்கிக்கொண்டு, கயிற்றை அசைத்துச் சைகை காட்டுவார். உடனே மேலே இழுத்துவிடுவார்கள். அந்த ஒரு நிமிடமும் அவருக்குப் புதிய வரவு ஏதும் இல்லை. கையிருப்பைக் கொண்டே வாழ்கிறார்.

கையிருப்பு எவ்வளவு? நன்கு வளர்ந்த ஆண்மகனின் நுரையீரல் நிறைந்தால் ஏறத்தாழ ஆறு லிட்டர் காற்றுக் கொள்ளும். வெளிக்காற்றில் நூற்றுக்கு 21 பங்கு பிராண வாயு. உள்ளே முன்பிருந்த பழங்காற்றோடும் நீராவியோடும் கலந்தபின் அது நூற்றுக்குப் பதினைந்து பங்கு அளவாகக் குறைகிறது. ஆக, நுரையீரலில் உள்ள பிராண வாயு சுமார் 900 மில்லி லிட்டர். இரத்தத்திலும் ஓரளவு இருப்பு உண்டு. சும்மா அமர்ந்திருக்கும் உடல் நிமிடத்துக்கு 250 மில்லி லிட்டர் செலவிடும். கை கால் வீசி நீந்தினால் செலவு பல மடங்காகிவிடும். இதனால்தான் இறங்கக் கல்லும் ஏறக் கயிறும் வைத்தார்கள். அவை வேகத்துக்காக மட்டும் ஏற்பட்டவையல்ல; பிராண வாயுவைச் சிக்கனம் செய்யும் சாதனங்கள். பிராண வாயு என்னும் சொல் பிறவாத காலத்திலேயே அதன் செலவுக் கணக்கை இக்கரையார் அறிந்திருந்தனர்.

இனி, அந்த இருப்பு நெஞ்சிலிருந்து இரத்தத்துக்குச் செல்லும் வழியைப் பார்ப்போம். தொண்டைக்குக் கீழே மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிகிறது, இரண்டு நான்காகிறது, நான்கு எட்டாகிறது. இவ்வாறு இருபதுக்கு மேற்பட்ட முறை கிளைத்துக் கண்ணுக்குப் புலனாகாத சின்னஞ்சிறு காற்றறைகளில் போய் முடிகிறது. அவற்றின் எண்ணிக்கை முப்பது கோடிக்குக் குறையாது. ஒவ்வோர் அறையின் சுவர்மீதும் மயிரினும் நுண்ணிய இரத்த நாளங்கள் வலைபோலப் படர்ந்துள்ளன. தந்துகிகள் எனப்படும் இந்நாளங்களை 1661-ல் இத்தாலிய மருத்துவர் மால்பிகி தவளையின் நுரையீரலில் நுண்பெருக்காடி வைத்துக் கண்டார்.

இக்காற்றறைகள் அனைத்தையும் பிரித்து விரித்தால் எழுபது சதுர மீட்டர் அளவுக்குப் பரப்பு வரும். நெசவாளர் கணக்கில் சொன்னால், பத்துச் சேலைகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்து விரித்த பரப்பு. அவ்வளவு பெரிய துணி நம் மார்புக்கூட்டுக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதன் மெல்லிமையோ எந்தத் தறியிலும் காண முடியாதது. காற்றுக்கும் இரத்தத்துக்கும் இடையே உள்ள சுவர், ஒற்றைப் பஞ்சிழையின் கனத்தில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான். நூற்றுமுப்பதாம் நம்பர் நூலைப் பார்த்து வியக்கும் நாம் இதற்கு என்ன நம்பர் இடுவோம்!

இச்சுவரைக் கடந்து பிராண வாயு இரத்தத்துக்குள் செல்கிறது. கரியமில வாயு இரத்தத்திலிருந்து வெளியே வருகிறது. இதற்குக் காவலாளோ தள்ளுவண்டியோ இல்லை. உயர்ந்த மடையிலிருந்து தாழ்ந்த வயலுக்கு நீர் பாய்வதுபோல, அழுத்தம் மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு வாயு தானே பரவுகிறது. காற்றறையில் பிராண வாயுவின் அழுத்தம் 100 மில்லி மீட்டர் பாதரச அளவு. உடலெங்கும் உழைத்துத் திரும்பும் இரத்தத்தில் 40. ஆகவே அது உள்ளே பாய்கிறது. கரியமில வாயு இரத்தத்தில் 46, காற்றறையில் 40. வேறுபாடு ஆறே என்றாலும், பிராண வாயுவைவிட ஏறக்குறைய இருபது மடங்கு எளிதில் அது சுவரைக் கடந்துவிடுவதால் இந்தச் சிறு சரிவே போதுமானது. சிவப்பணு ஒன்று காற்றறையின் ஓரமாகச் செல்லும் நேரம் முக்கால் விநாடி. ஏற்றுமதி இறக்குமதி இரண்டும் கால் விநாடியில் முடிந்துவிடுகின்றன. நம் தறியில் நாடா ஓடும் வேகத்தையும் இது விஞ்சியது.

இது இவ்வளவு எளிதாகவா நடக்கும் என்று பெரிய அறிஞர்களே ஐயுற்றனர். டென்மார்க்கைச் சேர்ந்த கிறிஸ்டியன் போர் என்பவர், நுரையீரல் தன் முயற்சியால் பிராண வாயுவைச் சுரந்து இரத்தத்தில் தள்ளுகிறது என்று வாதிட்டார். அவரிடமே பணியாற்றிய ஆகஸ்ட் குரோக், தம் மனைவி மரீ குரோக்கின் துணையோடு நுட்பமான அளவீடுகள் செய்து, பரவுதல் ஒன்றே போதும் என்று 1910-ல் நிறுவினார். ஆசிரியரின் கொள்கையை மாணவர் மறுப்பது எந்நாட்டிலும் இடர்ப்பாடான காரியமே. குரோக் 1920-ல் வேறோர் ஆராய்ச்சிக்காக நோபல் பரிசும் பெற்றார்.

கடலடிக்கு மீண்டும் செல்வோம். சுழியோடிக்கு மேலே வரவேண்டும் என்ற தவிப்பை உண்டாக்குவது எது? பிராண வாயு தீர்ந்ததாலன்று. வெளியேற வழியின்றி இரத்தத்தில் சேரும் கரியமில வாயுவே மூளையிலுள்ள மூச்சுக் கேந்திரத்தைத் தட்டியெழுப்புகிறது. இறங்குமுன் பலமுறை வேகவேகமாக மூச்சுவிட்டால் கரியமில வாயு வெளியேறிவிடும். ஆனால் பிராண வாயு இருப்பு அதனால் பெரிதாகக் கூடுவதில்லை. அப்போது எச்சரிக்கை மணி அடிப்பதற்கு முன்பே சரக்குத் தீர்ந்துபோகும். ஆழத்தில் நீரின் அழுத்தத்தால் நெருங்கியிருந்த வாயு, மேலே வரவர அழுத்தம் தளர்வதால் இரத்தத்துக்குள் போகும் விசையையும் இழந்துவிடும். நீர்மட்டம் கைக்கு எட்டும் வேளையில் ஆள் மயங்கிவிடுவது இவ்வாறே. கயிற்றுக்காரரின் அருமை அந்நேரத்தில் தெரியும்.

இவ்வளவும் மனத்தில் இருந்தால் இரைப்பு நோயை விளங்கிக்கொள்வது எளிது. இந்நோய் கண்டவரைப் பார்த்து, "அவருக்கு நுரையீரல் கெட்டுவிட்டது" என்று ஊரார் சொல்லுகின்றனர். அது சரியன்று. காற்றறைகள் பழுதின்றி இருக்கின்றன. பத்துச் சேலைப் பரப்பில் கிழிசல் இல்லை. கெட்டது அங்கே செல்லும் பாதை. சங்கத்தின் கிடங்கு திறந்திருக்கிறது, எடையாளர் காத்திருக்கிறார், வண்டிப் பாதையில் மட்டும் இடிபாடு. சரக்கு வந்து சேரவில்லை என்பதற்காகக் கிடங்கை இடித்துக் கட்டுவோமா?

பாதை குறுகுவது மூன்று வகையால். மூச்சுக் குழல்களைச் சுற்றி வளையமாக உள்ள தசை இறுகிப் பிடித்துக்கொள்கிறது. குழலின் உட்சவ்வு வீங்கித் தடிக்கிறது. சளி பிசின்போல் ஒட்டிக்கொண்டு எஞ்சிய வழியையும் அடைக்கிறது. குழலின் உள்விட்டம் பாதியாகக் குறைந்தால் தடை இரண்டு மடங்காகும் என்று நாம் எண்ணுவோம். சீராக ஓடும் காற்றுக்கு அது பதினாறு மடங்காகிறது! சிறு வீக்கம் பெரும் இரைப்பாக மாறுவதன் சூட்சுமம் இதுவே. சிறு திறப்பும் பெரும் நிம்மதியாவது இதே கணக்கினால்தான்.

மூச்சை உள்ளிழுக்க முடியவில்லை என்று நோயாளி சொல்வார். உண்மையில் அவரால் வெளிவிட முடிவதில்லை. இழுக்கும்போது நெஞ்சு விரிந்து குழல்களையும் சற்று விரித்துக் கொடுக்கிறது. விடும்போது நெஞ்சு ஒடுங்கி, முன்னமே குறுகிய குழல்களை மேலும் நெரிக்கிறது. விசில் போன்ற ஓசை அங்கே பிறக்கிறது. பழைய காற்று வெளியேறாமல் தேங்க, புதிய காற்றுக்கு இடமில்லாமற் போகிறது. இங்கே ஓர் எச்சரிக்கை. நோய் கடுமையாகும்போது முதலில் வேகமாக மூச்சு வாங்குவதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்தே இருக்கும். உடல் களைத்துப் போனபின் அது ஏறத் தொடங்கும். அப்போது இரைப்புச் சத்தம் அடங்கிவிடும்; நோயாளி ஓய்ந்து, தூக்கக் கலக்கத்தில் இருப்பார். "இழுப்பு நின்றுவிட்டது, தூங்கட்டும்" என்று வீட்டார் விளக்கை அணைப்பதுண்டு. காற்று ஓடவே இல்லை என்பதால்தான் ஓசையும் இல்லை. இரண்டு சொல் சேர்த்துப் பேச முடியாமை, உதடு நீலம் பாய்தல், தெளிவு குறைதல் ஆகியவற்றுள் எது கண்டாலும் ஒரு நொடியும் தாமதியாமல் 108 வண்டியை அழைக்க வேண்டும்.

காற்றுத் தேங்கும் இந்த இயல்பு கடல் தொழிலாளருக்குத் தனிப்பட்ட ஆபத்தும் ஆகும். இந்நாளில் சங்கு எடுப்போர் பலர் படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து குழாய்வழிக் காற்றுப் பெற்று மூழ்குகின்றனர். பழைய சுழியோடி மேலே நிரப்பிய காற்றையே கொண்டு இறங்கினார். பத்து மீட்டர் ஆழத்தில் அது பாதியளவாகச் சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவை அடையும். குழாய்க் காற்றை ஆழத்தில் நிறையச் சுவாசித்தவர் மேலே வரும்போதோ அது இரண்டு மடங்காக விரியும். தாராளமாக வெளிவிட்டுக்கொண்டே ஏறினால் தொல்லையில்லை. குழல் அடைபட்டு ஓர் இடத்தில் காற்றுச் சிறைப்பட்டால், அந்த மெல்லிய சுவர் கிழிந்துவிடும். இரைப்பு உள்ளவர் மருத்துவரைக் கேளாமல் இத்தொழிலில் இறங்கலாகாது.

நம் நெசவாளர், விவசாயிகள் தொழிலுக்கு வருவோம். இரைப்பைத் தூண்டுவன ஒவ்வொருவருக்கும் வேறுபடும். வீட்டுத் தூசி, மகரந்தம், சளிக் காய்ச்சல், பீடிப் புகை, விறகடுப்புப் புகை, குளிர்ந்த காற்று என்று பட்டியல் நீளும். விளாத்திகுளம் பக்கத்தில் மிளகாய் வற்றல் களத்தில் நிற்பவருக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பருத்தித் தூசியின் கதை சற்று வேறு. அரவை ஆலையிலும், நூற்பாலையின் புளோரூம், கார்டிங் பகுதிகளிலும் பல ஆண்டு உழைப்பவருக்குப் பைசினோசிஸ் என்ற மார்பு நோய் வருவதுண்டு. பஞ்சோடு வரும் இலைத் துணுக்கிலும், அதில் ஒட்டிய கிருமிகளின் நஞ்சிலும் அதற்குக் காரணம் இருக்கிறது. விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுக்கம் மிகுதியாகத் தோன்றுவது இதன் அடையாளம். ஆங்கில நாட்டு ஆலைகளில் இதைத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றே அழைத்தனர். 1908 பிப்ரவரியில் வ. உ. சிதம்பரனாரின் ஊக்கத்தால் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வோடு வார விடுமுறையும் அவர்களுடைய கோரிக்கையாயிற்று. ஓய்வு நாளே இல்லாதிருந்தவருக்குத் திங்கட்கிழமை என்ன, வெள்ளிக்கிழமை என்ன! பைசினோசிஸ் இன்று சட்டம் ஏற்றுக்கொண்ட தொழில்நோய்களுள் ஒன்று. ஆஸ்துமாவும் இதுவும் ஒன்றல்ல. ஆனால் ஒன்றை மற்றொன்றாக எண்ணி ஏமாறுவது எளிது. ஆலையில் வேலை செய்யும் உறுப்பினர் தம் தொழில் இன்னதென்பதை மருத்துவரிடம் வாய்திறந்து சொல்ல வேண்டும். கைத்தறி நெசவில் தூசி ஆலையளவு இல்லை. எனினும் கழிவுப் பஞ்சையும் நூல் துகளையும் விளக்குமாற்றால் கிளப்பாமல் ஈரத்துணி கொண்டு ஒற்றியெடுப்பது நல்லது.

மருந்தின் வரலாற்றில் நம் நாட்டுக்கு ஒரு பங்கு உண்டு என்பது பலர் அறியாதது. கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில் சென்னையில் தலைமை மருத்துவராக இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். நெசவாளர் இவரைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மல்பெரிச் செடியையும் பட்டுப்புழுவையும் இம்மாகாணத்தில் பரப்ப முனைந்தவர். சிவப்புச் சாயம் தரும் காக்சினீல் பூச்சியை வளர்ப்பதற்காகச் சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டவர். இரைப்புக்கு ஊமத்தையைப் புகைக்கும் நம் நாட்டு வழக்கத்தை அவர் ஜென்ட் என்ற படைத்தலைவருக்குச் சொன்னார். அவர் 1802-ல் அதை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். பின்னர் அங்கே ஊமத்தைச் சுருட்டுகள் கடைச் சரக்காக விற்பனையாயின. ஊமத்தையில் உள்ள அட்ரோபீன், குழலைச் சுற்றிய தசைக்கு இறுகுமாறு நரம்பு அனுப்பும் கட்டளையைத் தடுத்துவிடுகிறது. ஆனால் அதே பொருள் சித்தத்தைக் கலக்கும். அளவு மீறினால் உயிரையும் வாங்கும். இன்று அதைப் புகைப்பது மடமை. அட்ரோபீனைச் சீர்திருத்தி, நெஞ்சை விட்டு உடலின் மற்ற பாகங்களுக்கு அதிகம் செல்லாதபடி செய்யப்பட்ட இப்ராட்ரோபியம் என்ற மருந்து இப்போது மருத்துவமனைகளில் இருக்கிறது. வேலியோரத்து ஊமத்தையின் பேரப்பிள்ளை என்று அதைச் சொல்லலாம்.

ஆடாதொடைக்கும் இதுபோன்ற ஒரு கதை. உதகமண்டலத்தில் அரசாங்க ஆய்வாளராக இருந்த டேவிட் ஹூப்பர் 1888-ல் அதன் இலையிலிருந்து வாசிசின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். அதன் அமைப்பைப் பின்பற்றிச் செய்த புரோம்ஹெக்சின், சளியை இளக்கும் மருந்தாக 1960-களில் வெளிவந்தது. சளியை இளக்குமேயன்றி இரைப்பு நோயைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் அதற்கு இல்லை. ஆடாதொடைக் கஷாயத்தை மட்டும் நம்பியிருப்போர் இதைக் கருதுக.

குழலைத் திறக்கும் இன்னொரு வழி அட்ரினலினைப் பின்பற்றியது. அச்சத்திலும் ஓட்டத்திலும் நம் உடலே சுரக்கும் அப்பொருள் மூச்சுத் தசையைத் தளர்த்தும். ஆனால் இதயத்தையும் படபடக்க வைக்கும். இதயத்தைப் பெரிதும் தொந்தரவு செய்யாமல் குழலை மட்டும் தளர்த்தும் மருந்தைத் தேடியவர்கள் இங்கிலாந்தில் டேவிட் ஜாக் என்பாரின் குழுவினர். அவர்கள் 1966-ல் கண்டு, 1969-ல் விற்பனைக்கு வந்ததே சால்பியூட்டமால். ஐந்து நிமிடத்துக்குள் குழல் திறக்கும். நான்கைந்து மணி நேரம் நீடிக்கும். அளவைப் பொறுத்துக் கை நடுக்கம் ஏற்படலாம்.

இங்கேதான் நம்மவர் பெரிதும் இடறுகின்றனர். சால்பியூட்டமால் தசையைத் தளர்த்துகிறது. உட்சவ்வின் வீக்கத்தைத் தொடுவதே இல்லை. நோயின் வேர் அந்த வீக்கத்தில், ஓயாத அழற்சியில் இருக்கிறது. அதை அடக்குவது ஸ்டீராய்டு வகை மருந்து. 1972-ல் பெக்ளோமெத்தசோன் உள்ளிழுக்கும் வடிவில் வந்தது. புடசோனைடு பின்னர் வந்தது. இவை இழுத்தவுடன் எந்தச் சுகத்தையும் காட்டா. நாள்தோறும் தவறாமல் இழுத்துவந்தால் வாரக்கணக்கில் வீக்கம் தணியும். கூட்டுறவு மொழியில் கூறின், சால்பியூட்டமால் அவசரக் கடன். ஸ்டீராய்டு இன்ஹேலர் சிக்கனச் சேமிப்பு. அவசரக் கடனையே வாங்கிக் காலந்தள்ளும் உறுப்பினரின் கதி என்னாகும் என்பதை ஓர் இன்ஸ்பெக்டர் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா? 2019-ல் ஜீனா என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டும் அமைப்பு, ஸ்டீராய்டு இல்லாமல் சால்பியூட்டமால் வகையை மட்டும் கொண்டு வைத்தியம் செய்வதைக் கைவிடுமாறு கூறிற்று. புடசோனைடும் பார்மோட்டிராலும் கலந்த இன்ஹேலரையே தணிப்புக்கும் தடுப்புக்கும் பயன்படுத்தும் முறை அதனால் பரவி வருகிறது. இந்தியாவில் இந்நோய் உள்ளவர் மூன்று கோடிக்கு மேல். உலக நோயாளரில் நூற்றுக்குப் பதின்மூவர் இந்தியர். ஆனால் உலகில் இந்நோயால் இறப்போரில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டவர் இந்தியர் என்று மதிப்பிட்டிருக்கின்றனர். தடுப்பு மருந்தை எடுக்காமையே இதற்குப் பெருங் காரணங்களுள் ஒன்று.

சென்ற ஆண்டு தணிக்கைக்காக ஒரு நெசவாளர் சங்கத்துக்குச் சென்றிருந்தேன். பாவு இருப்பைச் சரிபார்க்க ஓர் உறுப்பினரின் தறிக்கூடத்துக்குப் போனபோது, தறிக்குழியில் அமர்ந்திருந்த அவர் எங்களைக் கண்டதும் எதையோ துணியில் சுற்றி மறைத்தார். நீல நிற இன்ஹேலர். "ஏன் அண்ணாச்சி, மருந்தை மறைக்கிறீர்கள்?" என்று கேட்டேன். "வெளியே தெரிந்தால் நன்றாயிராது ஐயா, வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறாள்" என்றார். மருத்துவர் இரண்டு இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருக்கிறார். மற்றொன்றை இழுத்தால் எதுவும் தெரியவில்லை என்று முதல் மாதத்தோடு நிறுத்திவிட்டார். நீலத்தை நாளுக்கு ஆறேழு முறை இழுத்தும் இரவில் தூக்கமில்லை. அதற்கு மேல் கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் 'இழுப்பு மாத்திரை' வேறு. அவருடைய மனைவியார் சொன்னார்: "மாத்திரை போதுமென்றால் கேட்பதில்லை ஐயா. பஃப் இழுத்தால் பழக்கமாகிவிடும் என்று இவர்களே அதைக் குறைக்கிறார்கள், குறைக்க வேண்டாததை."

அந்த அம்மையார் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இன்ஹேலர் வீரியம் மிக்க மருந்து, மாத்திரை மென்மையானது என்பது தலைகீழான எண்ணம். கணக்கைப் பாருங்கள். சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லி கிராம் மருந்து இருக்கும். இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோ கிராம். நாற்பதில் ஒரு பங்கு. மாத்திரை வயிற்றில் கரைந்து, இரத்தத்தில் கலந்து, உடல் முழுவதையும் சுற்றிவிட்டுக் கடைசியில் நெஞ்சுக்கு வருகிறது. இன்ஹேலர் நேரே குழலுக்கே போகிறது. வாய்க்காலில் ஒரு மடை அடைத்திருந்தால் அம்மடையைத் திறப்போமா, ஊர் முழுவதற்கும் வெள்ளம் விடுவோமா? ஸ்டீராய்டு மாத்திரையை மருத்துவர் கடும் இரைப்பில் சில நாட்களுக்குக் கொடுப்பது உயிர்காக்கும் செயல். அதையே மாதக்கணக்கில் தாமாக விழுங்கினால் முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். இன்ஹேலருக்குக் கொடுத்த கெட்ட பெயரெல்லாம் இந்த மாத்திரைக்கு உரியது. நீல மருந்தை அளவின்றி நம்புவதன் தீமைக்கும் சான்று உண்டு. 1960-களில் இங்கிலாந்து முதலிய நாடுகளில், அதற்கு முன்னோடியான ஐசோபிரினலின் செறிவு மிகுந்த இன்ஹேலர்களாகப் பரவிய காலத்தில் ஆஸ்துமா இறப்புகள் உயர்ந்தன.

ஆண்டுதோறும் மிருகசீரிட நாளில் ஐதராபாத்துக்குச் சென்று மீன் மருந்து விழுங்கி வருவோர் நம்மிலும் இருக்கின்றனர். போய் வருவதைத் தடுக்க நான் யார்? அங்கே போவதற்காக இங்கே எடுக்கும் மருந்தை நிறுத்த வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன்.

இன்ஹேலரைப் பிடிக்கும் முறை சரியில்லாவிட்டால் மருந்து நாக்கிலும் தொண்டையிலுமே படிந்து வீணாகிவிடும். முதலில் நன்றாகக் குலுக்க வேண்டும். மூச்சை முற்றிலும் வெளிவிட வேண்டும். உதடுகளால் இறுகப் பற்றி, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும்போதே ஒருமுறை அழுத்தி, நெஞ்சு நிறையும் வரை தொடர்ந்து இழுக்க வேண்டும். பின்பு பத்து எண்ணும் வரை மூச்சை அடக்க வேண்டும். சுழியோடி ஒரு நிமிடம் அடக்கியதைப் பார்க்கையில் பத்து எண்ணிக்கை பெரிதன்று. அந்நேரத்தில்தான் மருந்துத் துளி குழலின் சுவரில் படியும். அழுத்துவதும் இழுப்பதும் ஒருங்கே கைவராத குழந்தைகளும் முதியவர்களும் ஸ்பேசர் என்னும் குடுவையை இடையே பொருத்திக்கொள்ளலாம். மற்றவருக்கும் அது நல்லதே. ஸ்டீராய்டு இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும். இல்லையேல் நாக்கில் வெள்ளைப் படலம் வரும். தூள் மருந்துள்ள இன்ஹேலருக்கு முறை வேறு. அதை மெதுவாக அன்று, வேகமாக இழுக்க வேண்டும். மருந்து கொடுக்கும் இடத்திலேயே ஒருமுறை இழுத்துக் காட்டிச் சரிதானா என்று கேட்டுக்கொள்வதில் வெட்கம் எதற்கு?

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்பெனிப் பெயரில் வாங்குவதற்கும் மருந்தின் பொதுப்பெயரில் வாங்குவதற்கும் விலை வேறுபாடு உண்டு. நம் கூட்டுறவு மருந்தகங்களிலும், மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரியில் தொடங்கப்பெற்றுக் கூட்டுறவுச் சங்கங்களும் ஏற்று நடத்திய முதல்வர் மருந்தகங்களிலும் மருத்துவர் சீட்டைக் காட்டி விசாரித்தால் குறைந்த விலையில் கிடைக்கக்கூடும்.

கடைசியாக, இருப்புக் கணக்கு. இன்ஹேலர் டப்பா ஒன்றில் பெரும்பாலும் 200 அழுத்தங்களுக்கு மருந்து இருக்கும்; எண்ணிக்கை உறையின்மேல் அச்சிட்டிருக்கும். காலையில் இரண்டும் மாலையில் இரண்டும் இழுப்பவருக்கு நாளுக்கு நான்கு. ஆக ஐம்பது நாளில் தீரும். எண் காட்டும் வசதி இல்லாத டப்பாவாயின், திறந்த நாளையும் தீரும் நாளையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி அதன்மேலேயே ஒட்டிவிடுங்கள். குலுக்கிப் பார்த்துச் சத்தம் வருகிறது, இன்னும் மருந்து இருக்கிறது என்று எண்ண வேண்டாம். மருந்து தீர்ந்தபின்னும் உந்துவாயு எஞ்சி நின்று சீறும். தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் பழக்கமும் உதவாது. துளையில் நீர் புகுந்து அடைத்துக்கொள்ளும்.